உப்புக் கரித்த மண்

இலைகளின் ஓரம் மட்டும்தான் கருகியிருந்தது. யாரோ பீடி நெருப்பை வைத்து, ஒவ்வொரு இலையையும் சுற்றிக் கோடு இழுத்துவிட்டுப் போன மாதிரி.

பரசுராமன் குந்தி உட்கார்ந்து ஒரு கனகாம்பரக் கன்றைத் தொட்டியோடு தூக்கிப் பார்த்தான். முந்தின மாலை தண்ணீர் ஊற்றும்போதே லேசான வாட்டம் தெரிந்தது. வெயில்தான் என்று நினைத்துக் கீற்றுப் பந்தலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிவிட்டுப் படுக்கப் போனான். இப்போது பந்தலுக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அத்தனை கன்றுக்கும் அதே கருப்பு விளிம்பு. பூச்சி என்றால் இலையில் ஓட்டை விழும். அழுகல் என்றால் தண்டு துவளும். இது இரண்டும் இல்லை. பக்கத்தில் இருந்த முல்லைப் பதியன்களைப் போய்ப் பார்த்தான். அங்கேயும் கோடு.

வேலி வரை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனான்.

ஏனாத்தூரில் அண்ணன் தம்பிகளுக்குள் நிலம் பிரிந்தபோது அவன் பங்குக்கு வந்தது ஒரு களத்து மேடு. அதை விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தின் ஓரத்தில் தறிக்காரர்கள் தெரு முடிகிற இடத்தில் வேலி போட்டு நாற்றுப் பண்ணை வைத்தான். கோயில்கள் நிறைந்த ஊரில் பூ வேண்டாத நாள் ஏது? ஐயம்பேட்டையிலிருந்தும் திருப்புட்குழியிலிருந்தும் பூந்தோட்டக்காரர்கள் தேடி வந்தார்கள். வந்தவர்கள் செடியைப் பார்க்க மாட்டார்கள். தொட்டி மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். பரசுராமனின் பெயரே அந்த மண்ணில்தான் இருந்தது.

அதை அவன் சமைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். கோடையிலேயே ஆரம்பித்துவிடுவான். குழியின் அடியில் காய்ந்த சருகு. அதன்மேல் ஏரி வண்டல். அதன்மேல் தெருக்கோடி அம்மன் கோயிலிலிருந்து வண்டியில் வருகிற வாடின பூவும் வில்வமும் வேப்பிலையும். அப்புறம் ஆட்டுப் புழுக்கை, சாணிக் கரைசல், வேப்பம் புண்ணாக்கு. மறுபடி சருகு. அடுக்கு மேல் அடுக்காக ஏறியதும் நடுவில் ஒரு கம்பைச் செருகி வைப்பான். சில நாளில் அந்தக் கம்பை உருவினால் கையில் பிடிக்க முடியாது, அத்தனை சூடு. கிளறிவிட்டால் தணியும், மறுபடி ஏறும். மறுபடி கிளறுவான். கடைசியில் ஒருநாள் குழியின் வயிற்றுக்குள் முழங்கை வரை விட்டாலும் சில்லென்று இருக்கும். டீத்தூள் மாதிரி கருத்து, பிடித்தால் உருண்டு, விரலால் தட்டினால் உதிரும். அதுவரை ஒரு கன்றைக்கூட அதில் நட விடமாட்டான். ஆறாத எருவில் நட்டால் வேர் வெந்து போகும்.

இந்த வருஷம் அவன் ஒரு படி மேலே போயிருந்தான். பழைய மண் குழியைத் தூர்த்துவிட்டு, செங்கல் வைத்து, அடியில் சிமெண்ட் பூசி, மேலே கூரை போட்டான். சத்தெல்லாம் பூமிக்குள் இறங்கி வீணாகிறது, ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்பது அவன் கணக்கு. கூரைக்கு அவசியமே இல்லாமல் அந்த வருஷம் ஆடியிலும் மழை இல்லை, ஆவணியிலும் இல்லை. மண் நன்றாகக் கருத்தது, நன்றாக ஆறியது. மண்புழு மட்டும் வரவில்லை. சிமெண்ட் தரையில் எப்படி வரும் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டான்.

இப்போது தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மோந்தான். வாசனையில் குறை இல்லை. பிறகு, என்ன தோன்றியதோ, அதை நாக்கில் வைத்தான்.

துப்பினான். இன்னொரு தொட்டி. அங்கும் துப்பினான். ஓடிப்போய் குழியின் மூலையில் மிச்சமிருந்த மண்ணை அள்ளி வாயில் போட்டான். கை தவறி உப்பு விழுந்த குழம்பு மாதிரி கரித்தது.

அடுப்படியில் இருந்த அம்சவேணியைக் கூப்பிட்டு அவள் நாக்கிலும் வைத்தான். அவள் முகம் சுளித்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, உப்பு."

"ஆமா, உப்புதான்" என்றான். சொல்லும்போதே அவன் கண் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜான் பாஷாவின் தோல் கிடங்கு.

சுற்றுவட்டாரக் கசாப்புக் கடைகளிலிருந்து வருகிற ஆட்டுத் தோலை வாங்கி, உப்புத் தடவி, அடுக்கிக் காயவைத்து, பதனிடும் ஊர்களுக்கு லாரியில் ஏற்றி அனுப்புவது பாஷாவின் தொழில். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அதே இடம். கிடங்குக்குள் போனால் கூரை உயரத்துக்கு உப்பு மூட்டைகள் நிற்கும். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மதில் அதன் வாய்க்கு நடுவே ஓடியது. அந்தப் பக்கம் ஒரு ராட்டினம், இந்தப் பக்கம் ஒரு ராட்டினம். மதிலில் ஒரு பலகைக் கதவு இருந்தது. அதன் வழியாகத்தான் பாஷாவின் மனைவி சைதுனும் அம்சவேணியும் கறிவேப்பிலையும் ஊர் வம்பும் மாற்றிக்கொள்வார்கள். அதே வழியாகத்தான் பாஷாவின் ஆட்டுப் பட்டியிலிருந்து புழுக்கை மூட்டையும் பரசுராமனின் குழிக்கு வந்தது.

புழுக்கை மூட்டை. உப்பு வந்த சாக்கிலேயே அள்ளிக் கட்டியிருப்பார்கள்.

அவ்வளவோடு நின்றிருந்தால் போய்க் கேட்டு, திட்டி, சிரித்து முடித்திருப்பான். ஆனால் கோடையில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. கிணற்றில் தண்ணீர் அடியைத் தொட்ட சமயம். பாஷாவின் ஆட்கள் கிடங்கைக் கழுவ இறைத்துக்கொண்டே இருந்தார்கள். செத்த தோலைக் குளிப்பாட்டத் தண்ணி இருக்குது, உசுரு இருக்கிற செடிக்கு இல்லையா என்று பரசுராமன் மதில் வழியாகக் கத்தினான். நாலு பேர் கேட்கிற மாதிரிதான் கத்தினான். பாஷா அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார், தாடிக்குள் சிரிப்பு.

"கோவிச்சுக்காத நைனா. உன் செடிக்கும் உப்பு தடவி பதம் பண்ணிக் குடுத்துட்றேன். அப்பால தண்ணியே கேக்காது."

அன்றைக்கு அம்சவேணிகூடச் சிரித்தாள். பரசுராமன் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவனும் பாஷாவும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

இன்று அந்தச் சொல் வேறு மாதிரி கேட்டது. சொன்னதைச் செய்துவிட்டான் கிழவன்.

குழியின் சூடு ஆற மாதக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவன், தன் சூடு ஆற அரைப் பொழுது காத்திருக்கவில்லை. பாஷாவிடம் போயிருந்தாலாவது பரவாயில்லை. அவன் நேராகப் போனது டீக்கடைக்கு.

டீக்கடையில் கண்ணாயிரம் இருந்தார். தெருவில் அதிகத் தறி அவருடையது. கல்யாணமோ சண்டையோ, அவர் தலையாட்டினால்தான் நடக்கும். தோல் நாற்றம் பட்டில் ஏறுகிறது, புடவையைப் பிரித்ததும் மெட்ராஸ் கடைக்காரன் மூக்கைப் பொத்துகிறான் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தார். ஆனால் பாஷாவின் இடம் பாஷாவுக்குச் சொந்தம். நாற்றத்துக்காக ஒருத்தரைக் கிளப்ப முடியாது. தெருவில் பாதிப் பேர் ரம்ஜானுக்கு அவர் வீட்டில் சாப்பிட்டவர்கள் வேறு.

பரசுராமன் பொரிந்து தள்ளினான். மண்ணைப் பற்றி, கன்றுகளைப் பற்றி, கோடையில் பாஷா சொன்னதைப் பற்றி. கண்ணாயிரம் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அது மண்ணைப் பற்றி இல்லை.

"பாய் அப்டி சொன்னத வேற யார்னா கேட்டாங்களா?"

அம்சவேணி கேட்டாள் என்றான். எதிர் வீட்டுக்காரர்கள்கூடக் கேட்டிருக்கலாம் என்றான்.

"போதும்" என்றார் கண்ணாயிரம்.

எது போதும் என்று பரசுராமன் கேட்கவில்லை. தனக்காக ஒருவர் கோபப்படுகிறார் என்பதே அப்போது ஆறுதலாக இருந்தது.

*

அவன் வீடு திரும்புவதற்குள் பேச்சு பாஷாவின் காதுக்கு எட்டிவிட்டது. பலகைக் கதவைத் திறந்துகொண்டு அவரே வந்தார். கையில் உப்புப் படிந்திருந்தது. வேலை நடுவில் எழுந்து வந்திருக்கிறார். பந்தலுக்குள் நின்று கன்றுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு தொட்டி மண்ணை எடுத்து அவரும் நாக்கில் வைத்தார்.

உப்புதான் என்று ஒப்புக்கொண்டார். மறைக்கவில்லை. ஆனால் தன் வீட்டிலிருந்து வந்ததில்லை என்றார். புழுக்கைக்கு எப்போதும் தவிட்டுச் சாக்குதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், உப்புச் சாக்கை ஆடு நக்கியே கிழித்துவிடும், அதனால் பட்டிப் பக்கமே கொண்டுபோக விடுவதில்லை என்று பொறுமையாகச் சொன்னார். அப்போதுகூட பாதி விளையாட்டாகத்தான் பேசினார். உப்பு என்றால் என் வயிற்றுப் பிழைப்பு, அதை உன் குழியில் கொட்ட எனக்குக் கிறுக்கா என்றார்.

கோடையில் சொன்னதை ஞாபகப்படுத்தினான் பரசுராமன். பாஷாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகத்தில் இருந்த விளையாட்டு அணைந்தது.

"அத நெசம்னு நெனச்சியா நீ?"

பரசுராமன் கருகின இலை ஒன்றைக் கிள்ளி எடுத்தான்.

"என்னாண்ட வந்து கேட்டிருந்தா அல்லா மேல கஸம் போட்டு சொல்லியிருப்பேன் நைனா. டீக்கடைல சொல்லிட்டு வந்துக்கிற. இப்ப நான் யாருக்குனு கஸம் போட்றது?"

சொல்லிவிட்டு வந்த வழியே போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதே அம்சவேணிக்குத் தெரியாது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் தெருக்காரர்கள் கூடினார்கள். பாஷா வரவில்லை, வரச் சொல்லி ஆள் அனுப்பினார்களா என்பதும் சந்தேகம். நாற்றம், ஈ, கிணற்றில் இறங்குகிற கழிவு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாம் பழைய புகார்கள். ஆனால் இந்தத் தடவை அவற்றுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்திருந்தது. கண்ணாயிரம் பரசுராமனை எழுந்து நிற்கச் சொன்னார். மண் கரித்ததா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார்.

"கரிச்சுது" என்றான் பரசுராமன்.

பொய் இல்லை. அந்த ஒரு சொல்லில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மறுநாளே தோல் ஏற்றி வந்த வண்டிகளைத் தெருமுனையில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த நாள் கிடங்கு வாசலில் இருந்த உப்பு மூட்டைகளை யாரோ கிழித்துச் சாக்கடையில் கொட்டியிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பாஷாவின் ஓட்டு வீட்டின்மேல் கல் விழுந்தது. ஒன்று, இரண்டு, பிறகு சரமாரியாக. உள்ளே ஷஹர்பானு இருந்தாள். பாஷாவின் ஒரே மகள், கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண். அவள் கத்திய சத்தம் மதிலைத் தாண்டி வந்தது. பரசுராமன் சோற்றுத் தட்டின் முன்னால் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அம்சவேணி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

கன்றுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

*

கன்று கொடுப்பதாக அவன் பலருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஐப்பசி மழைக்குள் இன்னொரு குழியாவது அடுக்கியாக வேண்டும். பரசுராமன் மறுபடி சருகு சேர்த்தான், வண்டல் அடித்தான். பூவுக்குத் தாவீதின் வண்டி வரவில்லை. கோயில் குப்பையை அள்ளி வருகிறவன் அவன்தான். காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று தகவல் வந்தது. சரி என்று பரசுராமன் தானே ஒரு கை வண்டியைத் தள்ளிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போனான்.

அத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கோயிலுக்குள் கும்பிடப் போயிருக்கிறான். குப்பையாகப் போவது எங்கே சேர்கிறது, எப்படிச் சேர்கிறது என்று பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை. கூட்டம் இருந்தது. பலிபீடத்தின் முன்னால் பெண்கள் வரிசையாக நின்று, முந்தானையில் முடிந்து வந்ததை அவிழ்த்துக் கொட்டினார்கள். கொட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். பலிபீடத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. நடுநடுவே கருப்பாக மிளகு.

பரசுராமன் வண்டிப் பிடியை விட்டான்.

கோயிலைப் பெருக்குகிற மணியம்மாள் பின் பிராகாரத்திலிருந்து வாடின மாலைகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மாலை, வேப்பிலை, சிதறின தேங்காய் நார், எல்லாவற்றையும் ஒரே துடைப்பத்தால் பலிபீடம் வரை ஓட்டினாள். அங்கிருந்த வெள்ளைக் குவியலும் அதோடு சேர்ந்து நகர்ந்தது. அபிஷேகத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலோரம் எல்லாம் போய்க் குவிந்தது. ஈரப் பூவில் பட்ட உப்பு கண்ணெதிரே கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போனது. அவள் கூடையில் அள்ளியபோது மேலே பூ மட்டும்தான் தெரிந்தது.

எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டான். 

எப்பவும்தான் என்றாள் மணியம்மாள். அம்மனுக்கு உப்பு மிளகு போட்டால் உடம்பில் வந்தது கரைந்து போகும் என்பது இவனுக்குத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள்.

"இது இன்னா கொஞ்சம். சித்திரைல பாத்திருக்கணும் நீ. ஊருல ஒரு வூடு பாக்கி இல்லாம சிரங்கு. மூட்டையாவே கொணாந்து கொட்னாங்க. என் இடுப்பே ஒடிஞ்சு போச்சு."

அந்த உப்பெல்லாம் எங்கே போனது என்று கேட்டான். தெரிந்துகொண்டேதான் கேட்டான்.

"எங்க போவும்? தாவீது வண்டிலதான்."

போன வருஷங்களிலும் வந்திருக்கிறது. ஆனால் அது மண் குழி. மேலே கூரை இல்லை. ஆடி மழையும் ஆவணி மழையும் பெய்து பெய்து உப்பைக் கழுவிப் பூமிக்குள் இறக்கிவிட்டன. அது அவனுக்குத் தெரியவே இல்லை. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. இந்த வருஷம் ஊரே கொட்டியது, மழை பெய்யவில்லை. ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்று அவனே அடியில் சிமெண்ட் பூசி அடைத்து வைத்தான்.

பிராகாரத்தின் கல்லில் உட்கார்ந்துவிட்டான். யாரோ ஒரு பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்சவேணியிடம் சொன்னபோது அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, தானும் போட்டதாகச் சொன்னாள். சித்திரை முழுக்க, வெள்ளிக்கிழமை தவறாமல்.

"உங்க கால் புண்ணுக்குத்தான் வேண்டிக்கினேன்" என்றாள். "ஆறிடுச்சே."

அவன் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தான். ஆறித்தான் இருந்தது.

*

பாஷாவின் வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாணியம்பாடியில் தம்பி முறை ஒருத்தர் இருக்கிறார், அங்கே போகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பரசுராமன் பலகைக் கதவைத் தட்டவில்லை. தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் போனான்.

பாஷா தரையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பரசுராமன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கோயில், துடைப்பம், கரைந்த உப்பு, சிமெண்ட் தரை. சொல்லி முடித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் கூப்பினான்.

பாஷா அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப அது உங்க அம்மன் உப்பு. சரி. என்னாண்ட சொல்லி இன்னா புண்ணியம்? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே, நான் போடலன்னு."

தெருவில் சொல்கிறேன் என்றான் பரசுராமன். இப்போதே போய்ச் சொல்கிறேன், லாரியை நிறுத்தி வையுங்கள் என்றான்.

"சொல்லு" என்றார் பாஷா. "சாயங்காலம் வரிக்கும் லாரி நிக்கும்."

அவன் ஏறக்குறைய ஓடினான். டீக்கடையில் கண்ணாயிரமும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னான். தப்பு தன்னுடையது என்றான். பாய் மேல் பழி வராது, நான் மண்டபத்தில் வந்து வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றான். மூச்சு வாங்கியது.

மூலையில் இருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மனுக்குப் போட்ட உப்பு செடியைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்கிறாய், உன் குடும்பம் நல்லா இருக்க வேண்டாமா என்று கேட்டார் வேறொருவர். ஊருக்குச் சிரங்கு இறங்கியது அந்த உப்பால்தான், அதைப் போய் விஷம் என்கிறான் பார் என்றார் இன்னொருவர்.

கண்ணாயிரம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவனை நம்பினார். அதுதான் பரசுராமனைப் பயமுறுத்தியது.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். உப்பு எங்கிருந்து வந்தா இன்னாப்பா? நாத்தம் போவுதா இல்லியா?"

பரசுராமன் மறுபடி சொன்னான். இந்தத் தடவை சத்தமாக. கல்லெறிந்தது யார் என்று கேட்டான். கல்யாணப் பெண் இருக்கிற வீட்டில் கல் போட்டவனுக்கு நாற்றம் தெரிந்ததா என்று கேட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு தறிக்குக் கிளம்பினார்கள். கடைக்காரர் ரேடியோவைத் திருகினார். கண்ணாயிரம் போகிறபோது அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார், பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி.

தெருவில் வீடு வீடாக ஏறினான். சில வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டார்கள். பாவம்தான் என்றார்கள். பாயிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றதும் தறிக்குப் பாவு போட வேண்டும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அவர் வரட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். வெயில் தாழ்ந்தது.

திரும்பி வந்தபோது லாரியின் பின் கதவை மேலே தூக்கிக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். சைதுனும் ஷஹர்பானுவும் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அம்சவேணி லாரிக்குக் கீழே நின்று, சைதுனின் கால் எட்டுகிற இடத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். சைதுன் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, குனிந்து பார்க்கவும் இல்லை.

பாஷா பரசுராமனின் முகத்தைப் பார்த்தார். கேட்க எதுவும் மிச்சமில்லை.

போகாதீர்கள் பாய் என்றான் அவன். நான் உங்கள் பக்கம் நிற்கிறேன், உங்கள் வாசலில் படுக்கிறேன், யார் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றான். அவன் உண்மையாகவே சொன்னான்.

"நீ குடுத்தது ஒரே ஒரு சொல்லு, நைனா. அத அவங்க கெட்டியா வெச்சுக்கினாங்க. இப்ப திருப்பிக் கேட்டா குடுப்பாங்களா? அவங்களுக்கு அது வேணும்."

லாரி கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்வரை தறிச் சத்தம் ஒரு வீட்டிலும் நிற்கவில்லை.

*

ஐப்பசியில் மழை பெய்தது, தேவைக்கு மேலேயே பெய்தது. பரசுராமன் கடப்பாரையால் சிமெண்ட் தரையை உடைத்துவிட்டான். கரித்த மண்ணை வெளியே பரப்பி மழையில் விட்டான். கழுவக் கழுவ உப்பு இறங்கியது. நாக்கில் வைத்துப் பார்த்தான்; ஒரு வாரத்துக்கு ஒரு வாரம் குறைந்து, ஒருநாள் மண் வெறும் மண்ணாக இருந்தது. அதில் நட்ட கன்றுகள் பிழைத்தன. ஓரம் கருகாத, பளபளப்பான இலைகள். அவனுக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அம்சவேணிதான் தண்ணீர் ஊற்றினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணாயிரத்தின் தறிகள் வந்துவிட்டன. பாஷா வாணியம்பாடியிலிருந்தே இடத்தை யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. ஷஹர்பானுவின் கல்யாணம் நடந்ததா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பரசுராமன் ஒருமுறை வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினான். வேலூர் வரை போனான். அங்கே இறங்கி, பஸ் நிலையத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, அடுத்த காஞ்சிபுரம் பஸ்ஸில் திரும்பி வந்தான்.

தை பிறந்ததும் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு தோட்டக்காரர் கனகாம்பரம் கேட்டு வந்தார். புதியவர், முன்பின் பார்த்ததில்லை. ராமலிங்கம் என்று பெயர் சொன்னார். வழக்கம்போல் தொட்டி மண்ணை அள்ளி முகர்ந்தார். முகம் மலர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இதுலதான் அந்த பாய் ஆளு ஏறிக் குதிச்சு மூட்டை மூட்டையா உப்பு கொட்னானாமே? எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கெணத்துலகூட ஏதோ கலந்தானாமே?"

பரசுராமன் கையில் இருந்த மண்வெட்டியை மதிலில் சாய்த்தான். அவரை உட்காரச் சொன்னான். ஒன்றுவிடாமல் சொன்னான். கோயிலில் பார்த்ததை, சிமெண்ட் பூசியதை, டீக்கடைக்கு ஓடியதை, மண்டபத்தில் எழுந்து நின்றதை. பாய் எதையும் செய்யவில்லை, செய்தது நான்தான் என்றான். இதற்குமேல் தெளிவாக ஒரு மனிதனால் சொல்ல முடியாது.

ராமலிங்கம் கடைசிவரை கவனமாகக் கேட்டார். கண்கூடக் கலங்கிவிட்டது அவருக்கு. எழுந்து பரசுராமனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ பெரிய மனசுங்க உங்களுக்கு. அவ்ளோ பண்ணிட்டுப் போனவன இன்னும் விட்டுக் குடுக்காம பேசறீங்க பாருங்க."

பிறகு கன்றுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். ஊருக்குப் போய் இதையும் சொல்வதாகச் சொன்னார்.